பத்துமணிப்பூவுக்கு ஊற்றிய தண்ணீர்

மார்ச் 6

என் அருமை வாயாடிக்கு,

என் இடுப்பு வலி இப்போது பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஒரு விஷயம், திட்டாதே. வாசலில் நீ பாய் விரித்த மாதிரி நட்டுவிட்டுப் போன பத்துமணிப்பூ பாதிக்கு மேல் அழுகிவிட்டது. குற்றவாளி நான்தான். "தண்ணியே வேணாம்ப்பா, அது பாட்டுக்குப் பூக்கும்" என்று படித்துப் படித்துச் சொன்னாய். கொஞ்ச நாள் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் விடிந்தால் கை குழாயைத் தேடுகிறது. தினமும் ஊற்றிவிட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், செடிக்கு நீச்சல் கத்துக்குடுக்கறீங்களா?" என்றார். முன்பு வாசலில் ரோஜாச் செடிகள் இருந்தபோது போல நின்று பேசிவிட்டும் போனார். அந்த ஆசையில் இன்னும் ஊற்றினேன். இப்போது தண்டெல்லாம் கூழ்.

லீவு போட்டு வந்து நீ செய்த வேலை. முகத்தில் எப்படி விழிப்பேன்?

உன் அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

வார்டில் ஷிப்டு முடிந்து, உடை மாற்றும் அறையில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அங்கேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றும்போது வாசல் ஈரத்தில் வழுக்கி விழுந்து நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆள் வைத்து ரோஜாவை வேரோடு எடுக்கச் சொன்னவள் நான். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு திரும்பியதும் வாசலிலேயே நின்றீர்கள். "சுத்தமா இருக்கும்மா" என்றீர்கள். பிடித்துவிட்டது என்று நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. உங்கள் இடுப்புக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில், இனி அடிக்கடி ஓடிவர வேண்டியிருக்காது என்றுதான்.

மன்னிப்பு நீங்களா கேட்பது?

அடுத்த மாதம் வருகிறேன். மிச்சத்தையும் பிடுங்கிவிட்டு ரோஜாவே வைப்போம். வருவதற்குள் வேலை முடிந்திருக்க, அதே ஆளுக்குச் சொல்லிவிடட்டுமா?

வாயடைத்துப்போன உங்கள் வாயாடி

ஏப்ரல் 2

அம்மாடி,

தாராளமாக வா.

சுவரோரம், குழாய் எட்டாத இடத்தில், பத்துமணிப்பூ பிழைத்துக்கொண்டது. வெயில் ஏறினால் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கிறது. என்னிடமிருந்து தப்பிய செடி, இருந்துவிட்டுப் போகட்டும். அழுகிய இடத்தில் ரெண்டு ரோஜா போதும். செருப்புப் போட்டுக்கொண்டுதான் குழாயைத் தொடுவேன், சத்தியம்.

ஆளுக்குச் சொல்லாதே. அழுகியதை நீயே எடு. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். இந்தத் தடவை நான் வீட்டில் இருக்கும்போது நடக்கட்டும்.

அப்பா