மொய் எழுதாத நாலு வருஷம்

காலையில் அண்ணன் வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம், ராசிபுரத்தில் மண்டபம். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டிய பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்புதான் முதலில் வந்தது. ஒரு காலத்தில் இந்த மஞ்சள் வாசனை வந்தாலே மொய்க்கு எங்கே போவது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். நீங்களோ தேதியைப் பார்த்து, அன்றைக்கு லோடு இல்லாமல் இருந்தால் தேவலை என்று சொல்லிவிட்டு, பத்திரிகையை சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவீர்கள்.

நமக்கென்று ஒரு லாரி இருந்ததும், அதற்கு இன்ஜின் வேலை செய்ய வீட்டுப் பத்திரத்தை பைனான்ஸில் வைத்ததும், வேலை முடிந்து வண்டி வெளியே வந்த நேரத்தில் லோடே இல்லாமல் போனதும் இன்றைக்கு நினைத்தால் வேறு யாருக்கோ நடந்தது போல் இருக்கிறது. வண்டியை விற்றோம். வந்த பணம் பாதிக் கடனுக்குத்தான் ஆயிற்று. மீதியை மாதாமாதம் கட்ட வேண்டும், தவணை விட்டுப்போனால் வீடு போய்விடும் என்று பைனான்ஸ்காரர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுவாரமே நீங்கள் இன்னொருத்தர் வண்டிக்கு டிரைவராகப் போனீர்கள். சொந்த வண்டியிலிருந்து நீங்கள் எடுத்து வந்தது, வழியில் சமையலுக்கு வைத்திருந்த எவர்சில்வர் வாளியையும் ஒரு கரண்டியையும் மட்டும்தான். ஓனராக இருந்தவர் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறாரே என்று ஊரே உச்சுக் கொட்டியது. நீங்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

குடும்பக் கணக்கை நீங்கள் ட்ரிப்பு கணக்கு மாதிரி போட ஆரம்பித்தது அப்போதுதான். சம்பளம் வந்ததும் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்காருவீர்கள். அரிசி, எண்ணெய், கேஸ் எல்லாம் டீசல். அது இல்லாமல் வண்டி நகராது. கரண்ட் பில்லும் பையனின் பள்ளிக்கூடச் செலவும் டோல். கேட்டில் நின்று பேரம் பேச முடியாது. ஆளுக்குக் கொஞ்சம் கைச்செலவுக்கு, அது டிரைவர் படி. மீதி அவ்வளவும் தவணைக்கு. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். ஆனால் அதற்கு முன்னால் பணம் எங்கே போகிறது என்றே எனக்குத் தெரிந்ததில்லை. டீசலில் மிச்சம் பிடிக்கவும் நீங்கள் வழி வைத்திருந்தீர்கள். கோழிப்பண்ணையில் ஓடு கீறின முட்டையைக் குறைந்த விலைக்கு வாங்கி, ஒன்றுகூடக் கசியாமல் வைக்கோல் பரப்பி எடுத்து வருவீர்கள். பையனுக்கு முட்டை ஓடு முழுசாக இருக்கும் என்பதே மறந்துபோயிருக்கும்.

எனக்கென்று கொடுத்த படியை நான் கமுக்கமாகப் பருப்பு டப்பாவில் போட்டுச் செலவோடு செலவாக ஆக்கிக்கொண்டிருந்தேன். அதை எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ.

“படிய டேங்க்குல ஊத்தாத அம்மிணி. டிரைவரு பட்டினி கெடந்தா வண்டி ஊடு வந்து சேராது.”

அந்த மாதம் நான் எனக்கென்று ஒரு முழம் பூவும், கால் வெடிப்புக்குக் களிம்பும் வாங்கினேன். கடனில் இருக்கிற வீட்டில் பொம்பளைக்கும் படி உண்டு என்று கணக்குப் போட்ட ஆம்பளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கியது, மொய்யைத் தவிர. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் பத்திரிகை வந்து குவியும். நாம் வீடு கட்டிக் குடிபுகுந்த புண்ணியார்ச்சனைக்கு வந்து மொய் எழுதிய சனம் அத்தனைக்கும் நாம் திருப்பி எழுதியாக வேண்டும். எழுதினால் தவணை நிற்கும், தவணை நின்றால் அவர்கள் மொய் எழுதிய அந்த வீடே போகும். கைமாற்று வாங்கி எழுதலாம் என்றேன். கம்மலை வைக்கலாம் என்றேன். நீங்கள் இரண்டுக்கும் தலையாட்டவில்லை.

பத்திரிகை வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் கல்யாணத்துக்கு முன்பே நீங்களே போனீர்கள். வாங்கின மொய்யை மறக்கவில்லை, கடன் முடிந்ததும் தேடி வந்து தருகிறேன், அதுவரைக்கும் மொய் எழுத மாட்டேன், அதற்குப் பதிலாக முந்தின நாளே வந்து பந்தி வேலை பார்க்கிறேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தீர்கள். கடனை மூடி மறைக்கிற ஊரில் நீங்கள் அதைத் தண்டோரா போட்டுவிட்டீர்கள் என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் பாட்டுக்கு வாளியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு வந்தது அண்ணனின் மூத்த மகள் கல்யாணம். அந்த வீட்டு மாப்பிள்ளை நீங்கள். முதல் பந்தியில் உட்கார வைத்து அவர்கள் உங்களுக்குப் பரிமாற வேண்டும். நான் அழுதே விட்டேன்.

“ஏனுங்க, எங்கண்ணன் ஊட்டுக் கல்யாணத்துலயுங் கூடவா?”

“உங்கண்ணன் ஊடுன்னு கடன் ஒதுங்கியா போகும் அம்மிணி?”

நீங்கள் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, வாளியோடு பந்தியில் இறங்கிவிட்டீர்கள். ரசம் உங்கள் கைப்பக்குவம். மிளகு தூக்கலாகத்தான் இருக்கும், அதை இப்போதும் சொல்வேன். என் சொந்தக்காரப் பெண்கள் இலையில் குனிந்துகொண்டு குசுகுசுத்தார்கள். நான் தூணோரம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். நீங்கள் ஒவ்வொரு இலையிலும் குனிந்து, “இன்னுங் கொஞ்சம் ஊத்திக்குங்க” என்று கேட்ட குரலில் ஒரு கூச்சமும் இல்லை. சொந்த வீட்டுக்கு விருந்து வந்தவர்களைக் கேட்பது போலவே கேட்டீர்கள். மூன்றாவது பந்தியில் அண்ணன் பட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு வந்து, பொரியல் வாளியைத் தூக்கிக்கொண்டு உங்களுக்கு முன்னால் நடந்தார். குசுகுசுப்பு அதோடு நின்றது. எனக்கும் அழுகை நின்று, தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உங்கள் பின்னால் வந்தேன்.

நாலு வருஷம் இப்படியே ஓடியது. கடன் முடிந்து பத்திரம் கைக்கு வந்த அன்று அதைப் பீரோவில் வைத்த கையோடு, வாங்கின மொய்யைக் கவர் கவராகப் போட ஆரம்பித்தீர்கள். நாம் எழுதாமல் விட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தோம். கல்யாணப் பெண்கள் சிலர் இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தார்கள். அண்ணன் மட்டும் வாங்க மறுத்தார். பந்தியில் நின்றதே போதும், இன்னும் என்ன என்றார். நீங்கள் கவரை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு, “அது மரியாதைக்குச் செஞ்சதுங்க மச்சான். இது கணக்கு” என்றீர்கள். அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் உங்கள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அவ்வளவு நிம்மதியாக நான் அதற்குப் பிறகு தூங்கியதில்லை.

நீங்கள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அடுப்பு மூட்டாத அந்த நாட்களில் நான் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை, சொல்கிற நிலையிலும் இல்லை. நீங்கள் ரசம் ஊற்றிய வீட்டுக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் சோறாக்கிக் கொண்டுவந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவர்களே இலை போட்டார்கள். ஒருத்தரும் வெறும் வயிற்றோடு திரும்பவில்லை. அதைச் சொல்ல நீங்கள்தான் இல்லை.

இப்போது பத்திரிகை வந்திருக்கிறது. தாலி இல்லாத கழுத்தோடு கல்யாண வீட்டில் முன்னால் போய் நிற்க வேண்டாம், மகனிடம் மொய்யைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவனோ மண்டபத்துக்குக்கூடப் போக வேண்டாம், போனிலேயே அனுப்பிவிடலாம் என்கிறான். காலையில் பத்திரிகை வைத்துவிட்டு வாசல் வரைக்கும் போன அண்ணன், செருப்பைப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள்ளையோட வாளிய எடுத்துக்கிட்டு மொத நாளே வந்துரு அம்மிணி. மொதப் பந்திக்கு ரசம் நீதான் ஊத்தோணும்.”

அவர் போன பிறகு பத்திரிகையை நீங்கள் வைக்கிற மாதிரியே சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். யாராவது குசுகுசுப்பார்கள், எனக்குத் தெரியும். அந்தப் பந்தியில் நீங்கள் குனிந்து கேட்ட மாதிரியே, “இன்னுங் கொஞ்சம் ஊத்திக்குங்க” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதல் முறை பாதியில் நின்றுவிட்டது. இரண்டாவது முறை சரியாக வந்தது.

பரண்மேல் இருந்த வாளியை இறக்கிவிட்டேன். அடியில் லேசாகக் கறுத்திருக்கிறது. புளி ஊற வைத்திருக்கிறேன்.