சித்தப்பா பக்கத்து மீட்டர்

பிள்ளையார்பாளையம்
21-12-69

அன்புள்ள இளங்கோவனுக்கு, நம் வீட்டில் இரண்டாவது கரண்டு மீட்டர் மாட்டியாகிவிட்டது, மாட்டின ஒன்பதாம் நாள் உன் சித்தப்பா பெட்டி படுக்கையோடு செவிலிமேட்டுக்குக் குடி போய்விட்டான், இதை யார் வாயிலாவது நீ கேட்பதற்குள் நானே எழுதிவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பிலாயில் இப்போது குளிர் கடுமையாமே, நீ நன்றாக இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால் அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவாள்.

நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகை நடுவில் ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதிவிட்டு, என்னங்க புதுசா மோட்டார் கீட்டார் போட்டீங்களா என்று கேட்டார். எப்போதும் ஓடுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடியிருந்தது. தீபாவளிக்குத்தான் சித்தப்பா ரேடியோ வாங்கினான், அம்சா சித்தி அதை வைத்துக்கொண்டுதான் சமைக்கிறாள், எனக்கு வேறு யோசனையே வரவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர் இருப்பதால்தானே தெரியவில்லை, அவன் பக்கத்துக்குத் தனியாக ஒன்று வைத்துவிடலாம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே வையேன் என்றான். எனக்குத்தான் இந்த மாதிரி சாமான் என்றால் கை பரபரக்குமே, அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போனேன்.

எலக்ட்ரிக் கடை தேவசகாயம் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று முள் வைத்தது, இந்த நிமிஷம் எவ்வளவு கரண்டு போகிறது என்று காட்டும், கூட்டிச் சொல்லாது. இன்னொன்று நம் வாசல் மீட்டர் மாதிரியே தட்டு சுற்றி எண் ஏறுவது. அவர் அப்போதே கேட்டார், "யாரு எரிக்கிறாங்கன்னு தெரியணுமா நைனா, எங்க எரியுதுன்னு தெரியணுமா? எங்கன்னா முள்ள எடுத்துக்கினு போ, ஒவ்வொண்ணா நிறுத்திப் பாத்தா ஒரு மணி நேர வேலை." நான் எண் ஏறுவதைத்தான் வாங்கி வந்தேன். அதை நானே மாட்டினேன், யாரையும் தொட விடவில்லை.

ஒன்பது நாளும் காலையில் பல் விளக்கும் முன்னே போய்ப் பார்ப்பேன். சித்தப்பா பக்கம் மொத்தமே நாலு யூனிட். வாசல் மீட்டரில் பதினெட்டு. அப்படியென்றால் மீதி நம் பக்கம்தானே என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை இளங்கோ. அவன் பக்கத்து மீட்டர்தான் நின்று நின்று ஓடுகிறது என்று நினைத்தேன். தெருவில் பாவு நூலுக்குக் கஞ்சி தோய வந்தவர்கள் நாலு பேர் நிற்கும்போது, மீட்டரில் கை வைத்தாயா என்று அவனைக் கேட்டுவிட்டேன். ரேடியோ சத்தம் நின்றது. சித்தி உள்ளிருந்து வந்து அவன் பின்னால் நின்றாள். அவன் மெதுவாகத்தான் சொன்னான், "மீட்டர ரெண்டா வெக்கிறதுக்கு ஒத்துக்கினேன்ணா. திருடன்ற பேருக்கு ஒத்துக்க மாட்டேன்." சாயங்காலம் வண்டி வந்தது. அம்மா தடுத்துப் பார்த்தாள். நான் தறியில் உட்கார்ந்தபடியே இருந்தேன்.

மறுநாள் தேவசகாயத்தைக் கூட்டி வந்தேன். மீட்டரில் ஒரு குற்றமும் இல்லை என்றார். சித்தப்பா பக்கம் காலி, நம் பக்கம் எல்லா ஸ்விட்சையும் அணைத்தாகிவிட்டது, வாசல் மீட்டர் தட்டு மட்டும் நிற்காமல் சுற்றுகிறது. அவர் ஒயரைத் தடவிக்கொண்டே போய் உன் தறியிடம் நின்றார். ஐப்பசி மழையில், நீ தறியில் விட்டுப் போன பாவு நூல் ஈரம் வாங்கித் தொய்ந்துவிடுமே என்று உன் தறிக்குழிக்குள் அறுபது வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். ஸ்விட்ச் வைக்காமல் நேரே இழுத்ததும் நான்தான், சூடு வெளியே போகாமல் பலகை போட்டுக் கோணியால் மூடியதும் நான்தான். அந்தத் தறியில் உட்கார ஆளில்லையே, மறந்தே போனேன். கோணியைத் தூக்கினால் ஒரு மாதத்துக்கு மேலாக அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கிறது. நடுவில் ஒரு நாள் ஃபியூஸ் ஆகித் தொலைந்திருக்கக் கூடாதா.

அன்றைக்கே செவிலிமேட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன், தப்பு என்னுடையது என்று சித்தியிடமும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், கோபமே இல்லை. ஆனால் பிறந்ததிலிருந்து வாண்ணா போண்ணா என்றவன் என்னைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க. காப்பி சாப்புட்றீங்களா?" என்றான். குடித்துவிட்டு வந்தேன். மறுபடி போனேன், மறுபடியும் அதே வாங்க. அடித்திருந்தால் கூடத் தேவலை.

இனி நான் போய்ப் பிரயோசனமில்லை. உன்னை அவன் தோளில் தூக்கி வளர்த்தவன், உன் பேச்சைத் தட்ட மாட்டான். குளிர் காலமாதலால் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தை விடாதே, நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறாள், என் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. பொங்கலுக்கு வரும் ரயில் எதுவென்று எனக்கு எழுதாதே, சித்தப்பாவுக்கு எழுது. ஸ்டேஷனுக்கு அவன் வருவான். வண்டிக்காரன் எங்கே போகணும் என்று கேட்பான், அப்போது நீ முந்திக்கொண்டு நம் தெருப் பேரைச் சொல்லி, அவன் கையை விடாமல் பிடித்துக்கொள்.

இப்படிக்கு
உன் அப்பா
ப. வேலாயுதம்