மம்மர்களும் பம்புச் சத்தமும்

கிரேப்ளின் கோவ், நியூஃபவுண்ட்லாந்து
ஜனவரி 7

அன்புள்ள ரோஸலின்,

நானும் அம்மாவும் சுகம், புயலுக்குப் பிறகும் கூரை சுகம், உன் சுகத்தை நாலு வரியாவது எழுது, படம் மட்டும் அனுப்பினால் எனக்குப் போதாது. கிறிஸ்துமஸ் நாட்களில் வேஷம் போட்டு வீடு வீடாக வந்து, யாரென்று கண்டுபிடி என்று நிற்பவர்களுக்கு மம்மர் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கல்லூரிக் கட்டுரைக்காகக் கேட்டிருந்தாய். நான் எஞ்சின் மெக்கானிக், அகராதி இல்லை, ஆனாலும் தேடினேன். முகமூடி போட்டு ஆடுவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் என்கிறார்கள் சிலர், வாயை மூடிக்கொண்டிருப்பது என்கிறார்கள் சிலர். எதை வேண்டுமானாலும் எழுது, சனிக்கிழமை இரண்டும் சேர்ந்தே நம் வீட்டுக்குள் வந்தது.

இருட்டத் தொடங்கும்போது கதவைத் தட்டி, ஆள் தெரியாமலிருக்க மூச்சை உள்ளிழுத்துப் பேசும் அந்தக் குரலில், மம்மர்களை உள்ளே விடுவீர்களா என்று கேட்டார்கள். நாலு பேர். மூன்று பேரின் பெயரை உடனே சொல்லிவிட்டேன், முகத்திரையைக் கழற்றிவிட்டு ரம்மும் பழக் கேக்குமாக உட்கார்ந்துவிட்டார்கள். நாலாவது ஆளுக்குப் பூப்போட்ட கவுன், முகத்தில் சன்னல் திரை, பூட்ஸைக் கால் மாற்றிப் போட்டிருந்தார். பூட்ஸை மாற்றினால் மடங்காத முழங்கால் மறையுமா? பார்த்ததுமே தெரிந்தது, உன் பெரியப்பா ஹெட்லி. அவர் படகு நடுக்கடலில் நின்றதற்கு நான் எஞ்சினைப் பொருத்திய லட்சணம்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர், இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. எந்த வீட்டில் முதலில் சாப்பிடுவது என்று பயந்துதான் நீ கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, எனக்குத் தெரியாதா. பெயரைச் சொன்னால் அவருக்கு என் கையால் ரம் ஊற்ற வேண்டும். வேண்டுமென்றே பாதிரியாரா என்றேன், தபால்காரியா என்றேன். அம்மா முறைத்தாள். பக்கத்து வீட்டு எஃபி அத்தை, “நாப்பதுகூட ஆகல, அதுக்குள்ள கண்ணு அவிஞ்சுபோச்சா கார்லண்டு” என்றாள். நான் அசையவில்லை. அவரும் திரையைக் கழற்றாமலே கதவுக்குத் திரும்பினார். அங்கே வீட்டைச் சூடாக்கும் சுடுதண்ணீர்ப் பம்பு ஒரு வாரமாக டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. நின்று அதன்மேல் கையை வைத்து, அதே உள்மூச்சுக் குரலில் “பேரிங் போச்சு” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. “ஹெட்லி அண்ணே, தெரியாததுல வாய வைக்காத, அடி போல்ட்டுதான் லூசு” என்று சொல்லிவிட்டேன். வீடே சிரித்தது. திரையைக் கழற்றிவிட்டு, “ரெண்டு வருஷமாச்சாடா எம்பேரு ஞாபகம் வர, ஊத்து” என்றார். ஊற்றினேன்.

படகு எஞ்சின் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி, அதில் மாற்றமில்லை. ஈஸ்டருக்கு டிக்கெட் போடு, முதல் சாப்பாடு பெரியப்பா வீட்டில், பேசி முடித்தாயிற்று. அந்த ஊர்க் குளிரில் வண்டியின் எஞ்சின் ஹீட்டரைக் கரண்டில் செருகாமல் தூங்காதே. கடவுள் உன்னை நல்லபடியாக நடத்தட்டும், நீயும் கொஞ்சம் ஒத்துழை.

நேற்றுப் பம்பைக் கழற்றினேன். போல்ட்டெல்லாம் இறுக்கம், பேரிங்தான் போயிருந்தது. பெரியப்பாவிடம் மூச்சு விடாதே.

உன் அப்பா,
கார்லண்ட்