சிவப்பிலும் நீலத்திலும் கோடிட்ட படைப்புக் கதை

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டரம்மா தம் பென்சிலை என் மேஜையில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். ஆள் விட்டுத் திருப்பிக் கொடுத்தனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. மூக்கருகே கொண்டுபோய் அந்த மெழுகு வாசனையை முகர்ந்தபடி உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்து, "என்ன பெரிய டீச்சர், மேலுக்குச் சொகமில்லையா?" என்று கேட்டபிறகுதான் நினைவு வந்தது. மாசியில் போனீர்கள். இது ஆடி. இந்த மடலைச் சேர்ப்பிக்க எந்தத் தபால்காரராலும் முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

தென்காசி மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. உங்களுக்கு இருபத்து மூன்று. நான் கோயில் தெருவில் பிறந்து, பதினேழு வயதில் கணவரை இழந்து, இரண்டு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவள். உறவுக்காரர் அத்தனை பேரையும் பகைத்துக்கொண்டு அப்பா டிரெயினிங்குக்கு அனுப்பியதால் டீச்சரானேன். நீங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், வேதக்காரர் குடும்பம். தமிழ் எனக்கு, கணக்கும் வேதபாடமும் உங்களுக்கு. முதல் மாதம் முழுக்க நான் வீட்டிலிருந்து செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஒருநாள் என் செம்பு கவிழ்ந்துவிட்டது. உங்கள் கூஜாவை மெல்ல என் பக்கம் நகர்த்திவிட்டு, நோட்டுத் திருத்துவதில் முகத்தைப் புதைத்துக்கொண்டீர்கள். குடித்தேன். மறுநாளிலிருந்து செம்பு கொண்டுவரவில்லை.

ஆண்டு விழாவில் சிறுமிகள் ஒப்பிப்பதற்காக, உங்கள் வேதத்தின் முதல் புத்தகத்திலுள்ள படைப்புக் கதையை எளிய தமிழில் எழுதினீர்கள். எழுதியதையும் மூல புத்தகத்தையும் தையல் அறையில் என் மடியில் வைத்து, "ஒற்றுப்பிழை மட்டும் பாருட்டி" என்றீர்கள். யூதர்களின் பழைய எபிரெய மொழியிலிருந்து வந்த அந்தப் பக்கங்களை நான் வாசித்தது அன்றுதான் முதல்முறை. பிழை பார்க்கிற கண் வேறு எதையோ பார்த்துவிட்டது.

"அக்கா, இதை எழுதினது ஒரு ஆளா?" என்று கேட்டேன்.

"என்ன கேள்விட்டி இது? மோசே தீர்க்கதரிசி எழுதினது."

"எனக்கு அப்படித் தோணல. மொத அதிகாரம் பாட்டு மாதிரி போகுது. ஒவ்வொரு நாளும் ஒரே அச்சு. சொல்லுதாரு, ஆகுது, நல்லதுன்னு பாக்குதாரு. ரெண்டாவது அதிகாரத்துல கொஞ்சம் உள்ள போனதும் குரலே மாறுது. இங்கன சாமி மண்ணைப் பிசையுதாரு, மூக்குல ஊதுதாரு, தோட்டம் போடுதாரு. மொத ஆளு ஓதுதாரு. இந்த ஆளு கதை சொல்லுதாரு. பேரைப் பாருங்க. மொதல்ல வெறும் 'தேவன்'. இங்கனருந்து 'தேவனாகிய கர்த்தர்'."

புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கினீர்கள். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியவில்லை.

"வரிசையும் வேற அக்கா. மொதல்ல செடி கொடி, பெறவு மிருகம், கடைசில ஆணும் பெண்ணும் சேந்து. ரெண்டாவதுல ஆம்பளைதான் மொதல்ல. பெறவு மரம், பெறவு மிருகம். எல்லாம் முடிஞ்சு கடைசிலதான் பெண்."

உங்கள் முகம் வெளிறியது. "என் வேதத்துல ஒட்டுப் போட்டிருக்குன்னு சொல்லுதியாட்டி?"

"குத்தமாச் சொல்லலக்கா. குத்தாலத்துக் கோயில்ல பெருமாளா நின்னவரை அகத்தியர் தலையில கைவச்சு அமுக்கிச் சிவனாக்கினாருன்னு சொல்லுதாங்கல்லா. அங்கன ஒரு காலத்துல ரெண்டு கூட்டம் கும்பிட்டிருக்கும்னு எங்க அப்பா சொல்லுவாரு. அதுக்காக அவரு கும்பிடாமலா இருக்காரு?"

நீங்கள் எழுந்து போனீர்கள். மூன்று நாள் பேசவில்லை. எனக்கு இருந்ததே ஒரு சிநேகிதி. அவளையும் என் வாயால் தொலைத்தேன் என்று நினைத்து, கோயில் தெருவில் தலை குனிந்தே போய்வந்தேன்.

நான்காம் நாள் முதல் மணி அடிக்குமுன் தையல் அறைக்கு வந்தீர்கள். கண் வீங்கியிருந்தது. கையில் நோட்டுத் திருத்துகிற பென்சில். புத்தகத்தைத் திறந்து காட்டினீர்கள். முதல் குரல் முழுவதும் சிவப்புக் கோடு, இரண்டாவது முழுவதும் நீலம். மங்கலாக அழிந்த கோடுகளும் இருந்தன. அடித்து, அழித்து, மறுபடி அடித்திருக்கிறீர்கள்.

"நீ சொன்னது சரிதான்" என்றீர்கள். "ஆனா நீ பாக்காத ஒண்ணை நான் பாத்தேன். இந்தச் செவப்பை மட்டும் பாரு. மொத நாள் வெளிச்சம், நாலாம் நாள் சூரியன் சந்திரன். ரெண்டாம் நாள் வானமும் தண்ணியும், அஞ்சாம் நாள் பறவையும் மீனும். மூணாம் நாள் நெலம், ஆறாம் நாள் அதுல நடக்க மிருகமும் மனுசரும். புரியுதாட்டி? மொத மூணு நாளு வீடு கட்டுதாரு. அடுத்த மூணு நாளு குடிவைக்காரு. ஏழாம் நாள் உக்காருதாரு."

அந்த ஒழுங்கைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மகிழ்ச்சியில் வந்த சிரிப்பு. நீங்களும் சிரித்தீர்கள், கண்ணீரோடு. "ஒட்டு தெரியுதேன்னு அழுதேன் கோமதி. பெறவு பாத்தா ரெண்டு துணியும் முழுசா இருக்கு. தைச்சவங்க எதையும் வெட்டிப் போடல."

அதோடு நின்றிருந்தால் நமக்கு ஒரு வம்பும் வந்திருக்காது. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மாதம், வேதபாட வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சர், விலா எலும்புலருந்து செஞ்சதால பொம்பளைங்க ஆம்பளைங்களுக்குக் கீழதான்னு எங்க சித்தப்பா சொல்லுதாங்க. நெசமா?" நீங்கள் முதல் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னீர்கள். இங்கே ஆணும் பெண்ணும் ஒரே மூச்சில் உண்டானதாக இருக்கிறது, அங்கே வேறு விதமாக இருக்கிறது, இரண்டும் இரண்டு காலத்து ஆட்கள் சொன்னது போலத் தெரிகிறது என்றீர்கள். "ரெண்டு சாட்சி இருக்கையில ஒண்ணை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாதும்மா" என்று முடித்தீர்கள். அந்தச் சித்தப்பா சபையில் பெரிய ஆள். மூன்றாம் நாள் பள்ளி மேனேஜர் உங்களைக் கூப்பிட்டனுப்பினார். அடுத்தது நீதான் என்று என்னையும் வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். கதவு சாத்தவில்லை.

மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. "உங்க குடும்பத்தை எனக்குத் தெரியும்மா. இது உங்க யோசனையா இருக்காது. அந்தக் கோயில் தெருப் பொண்ணு உங்க மனசைக் கலைச்சிருக்கு. அப்படின்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

செங்கோட்டை ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்த உங்கள் கணவர் அப்போது நெஞ்சு நோவு வந்து படுக்கையில் கிடந்தார். உங்கள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தால் நான் ஒருநாளும் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

"வாசிச்சது நான் ஐயா. கோடு போட்டது நான். வகுப்புல சொன்னதும் நான்" என்று உங்கள் குரல் கேட்டது. "அவளுக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சா அது அவ குத்தமா? பொய்க் கையெழுத்துப் போட்டுட்டு எந்தக் கையால வேதத்தைத் தொட?"

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நானும் விலகுகிறேன் என்றேன். வாசலில் வைத்தே என்னைத் திட்டினீர்கள். "ஏட்டி, ரெண்டு பேரும் வெளிய வந்துட்டா உள்ள இருக்க பிள்ளைகளுக்கு யாரு இருக்கா? போ உள்ள!"

எபிரெயம் படித்த வயதான போதகர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சீசனுக்குக் குற்றாலத்தில் தங்கியிருக்கிறார் என்று உங்களுக்கு யாரோ சொன்னார்கள். "வேலைக்காக இல்லட்டி. நான் கண்டது நெசமா பொய்யான்னு தெரிஞ்சாப் போதும்" என்றீர்கள். சனிக்கிழமை மாட்டுவண்டி பிடித்துப் போனோம். சாரல் சாய்வாக வண்டிக்குள் அடித்தது. அருவியில் குளித்தவர்கள் எண்ணெய் வடியும் தலையோடு வழி நெடுக நின்று மங்குஸ்தான் தின்றுகொண்டிருந்தார்கள். நீங்கள் எதையும் பார்க்கவில்லை. புத்தகம் நனையாமல் முந்தானைக்குள் அணைத்துப் பிடித்திருந்தீர்கள்.

அந்தப் போதகர் கம்பளி போர்த்திக்கொண்டு முன்னறையில் இருந்தார். உங்கள் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, வலமிருந்து இடமாக விரல் ஓட்டிக் காட்டினார்.

"மூலத்துலயும் ரெண்டு பேரு இருக்கும்மா. இது ஒரு பேரு. இது இன்னொண்ணு, யூதங்க இதை வாயால சொல்லவே மாட்டாங்க. ரெண்டாவது கதைதான் பழசுன்னு படிச்சவங்க சொல்லுதாங்க. மழையை நம்பி நெலத்தைக் கொத்துன சனங்க சொன்ன கதை. உன் செவப்புக் கோடு போட்டது பிந்தினது. யூதங்களோட கோயிலை இடிச்சு, சனங்களைச் சிறைபிடிச்சு பாபிலோனுக்குக் கொண்டு போயிட்டாங்க. அங்கன சூரியனும் சந்திரனும் சாமி. இந்தச் சிறைப்பட்ட ஆசாரியர்கள் அதுக ரெண்டையும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடல பாரு. பெரிய விளக்கு, சின்ன விளக்கு. அவ்வளவுதான்."

இன்னொன்றும் காட்டினார். இன்னாருடைய வம்ச வரலாறு இது என்கிற ஒரே மாதிரியான வரி, அந்தப் புத்தகம் முழுக்கக் கரும்பில் கணு வருவதுபோல விட்டுவிட்டு வருகிறது. பல கைகள் சொன்ன கதைகளை அந்தக் கணுக்கள்தான் ஒரே கழியாகப் பிடித்து வைத்திருக்கின்றன என்றார். நீங்கள் குழந்தையைப் போலக் கேட்டீர்கள்: "அப்பம் நான் சொன்னது தப்பில்லையா ஐயா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை எனக்கு நாப்பது வருசத்துக்கு முந்தியே சொல்லிக் கொடுத்தாங்க. அத்தனை வருசம் பிரசங்கம் பண்ணினேன். ஒருநாளும் வாயைத் திறக்கல. சனங்க விசுவாசம் கெட்டுப்போகும்னு சொல்லிக்கிட்டேன். நெசம் என்னன்னா, எனக்குப் பயம். என் பயத்துக்கு நீ ஏம்மா வேலையை விடணும்?"

திங்கட்கிழமை அதே கம்பளியோடு, மழையில், தென்காசிக்கு வந்தார். மேனேஜர் அறையில் ஒரு மணி நேரம் இருந்தார். வெளியே வந்ததும் நம்மிடம் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு நாப்பது வருசமா தெரியும்னு சொல்லிட்டேன். இந்தப் பிள்ளையை வெளியேத்துத காகிதத்துல மொதல்ல என் பேரை எழுதுங்கன்னேன்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தீர்களா அக்கா? கடைசிப் பரீட்சையும் முடிந்துபோன பையன் முகம் அது.

ஆவணியில் உங்களை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். கணக்கு மட்டும்தான், வேதபாடம் அடுத்த வருஷம்தான் கைக்கு வந்தது. மேனேஜர் இரண்டு குரல் என்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தம் மகளை உங்கள் வகுப்பில்தான் போட்டார். உங்கள் கணவர் தேறி வேலைக்குத் திரும்பினார். உங்கள் விசுவாசம் போய்விடும் என்று பயந்தவர்கள், நீங்கள் முன்னைவிட அதிகமாக ஜெபம் பண்ணுவதைப் பார்த்துக் குழம்பினார்கள். என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். என் வீட்டார் என் வாழ்க்கைக்கு ஒரே ஒரு கதை வைத்திருந்தார்கள். அது பதினேழு வயதில் முடிந்துவிட்ட கதை. இன்னொரு கதையும் பக்கத்திலேயே இருக்கலாம், முதல் கதையை அழிக்காமலே அதைத் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றியது உங்களால்தான். அப்படித்தான் இன்று இந்தத் தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

மாசியில் செங்கோட்டை வீட்டில் உங்களைக் கடைசியாகப் பார்த்தேன். பேச மூச்சு போதவில்லை. இருந்தும் சிரித்துக்கொண்டு என் கையைப் பிடித்தீர்கள்.

"கோமதி, இத்தனை கோடு போட்டும் ஒண்ணை விட்டுட்டோம்ட்டி. அந்தச் செவப்புக்காரன் ஒவ்வொரு நாளை எண்ணும்போதும் சாயங்காலத்தைத்தான் மொதல்ல சொல்லுதான். காலை பெறவுதான் வருது. நாமதான் விடிஞ்சாத்தான் நாளுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்."

நான் அழுதேன். "ஏட்டி, அழாத. பொழுது சாயத்தானே செய்யுது?" என்றீர்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். உங்கள் கல்லறையில் மண் போட்டேன். கோயில் தெருவில் இரண்டு பேர் அதற்காக என்னோடு பேசுவதை விட்டுவிட்டார்கள். போகட்டும்.

போன வாரத்திலிருந்து அச்சன்புதூரில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். பகலெல்லாம் நாற்று நடுகிறவர்கள். பொழுது அடைகிற நேரத்தில்தான் வரமுடிகிறது. முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள். காலில் சேறு காயவில்லை. பேரப்பிள்ளை எடுத்த ஒருத்தி வாசலிலேயே நின்றுகொண்டு, "பொழுது போச்சே டீச்சரம்மா, இனிமே படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டாள்.

"பொழுது போகலம்மா. இப்பத்தான் நாள் ஆரம்பிக்கு. உள்ள வாங்க" என்றேன்.

அவள் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தாள். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, சிலேட்டை வாங்கிக்கொண்டாள்.

உங்கள்
கோமதி