தலைப்பிரசவத்துக்கு வரட்டோ

நியூ ஜெர்சி
8.7.94

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் சிவகலா எழுதுவது. முழங்கால் வலியோடு முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நிற்கிறீர்கள். ஒருநாளாவது லீவு எடுங்கள், சொன்னால் கேட்கமாட்டீர்கள்.

எனக்கு நான்கு மாதம். சத்தி எடுப்பது குறைந்துவிட்டது, கால்தான் வீங்குகிறது. ஒன்று கேட்கவேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே வழக்கம்? நான் பாசலுக்கு வரட்டோ? என் சுவிஸ் வதிவிட அனுமதி ஆவணி முடியும்வரை செல்லும். அங்கத்தைய மருத்துவக் காப்புறுதியையும் இன்னும் நிறுத்தவில்லை. இவர் வேலை மாறியதில் இங்கே காப்புறுதி இழுபடுகிறது. அதனால் டொக்டரிடமும் இன்னும் போகவில்லை. டிக்கெட்டுக்குக் காசு இருக்கிறது. நீங்கள் ஓம் என்றால் போதும்.

அன்பு மகள்,
சிவகலா

பாசல்
21.7.94

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தை இராஜசிங்கம் அண்ணைக்குக்கூடக் காட்டவில்லை. உனக்குக் கலியாணம் பேசித் தந்த மனுசன் என்ன நினைப்பார்? போய் ஐந்து மாதத்தில் நீ பெட்டியோடு வந்திறங்கினால், வாழாமல் வந்துவிட்டாள் என்றுதான் சனம் சொல்லும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அமெரிக்க மாப்பிள்ளை என்று கோயிலில் நான் சொல்லாத ஆள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தனியறையில் பிள்ளை பெறப்போகிறாய் என்றும் சொல்லிவிட்டேன்.

காப்புறுதியை மருமகன் தயாபரன் பார்த்துக்கொள்வார். நீ அதில் தலையிடாதே. வழக்கமெல்லாம் ஊரோடு போயிற்று. கால் வீக்கத்துக்குப் பார்லி அவித்துக் குடி. கோபிக்காதே ராசாத்தி.

உன் அம்மா,
யோகாம்பாள்

நியூ ஜெர்சி
14.11.94

அம்மாவுக்கு,

போனில் நான் அழுததில் உங்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

இவர் வேலை மாறவில்லை. வேலை போனது, அதோடு காப்புறுதியும் போனது. பிறகு கிடைத்த வேலையின் காப்புறுதி, சேரும்போதே வயிற்றில் இருந்த பிள்ளைக்குப் பணம் தராதாம். ஒருமுறை டொக்டரிடம் போனேன். வந்த பில்லைப் பார்த்தபிறகு போகவில்லை. எட்டாம் மாதம் பிரஷர் ஏறி விழுந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அடுத்த கிழமை பில் வந்தது. நாங்கள் பெயர் வைக்காத பிள்ளைக்கு அதில் 'பெண் குழந்தை' என்று ஒரு வரியும், அதற்கு நேரே ஒரு தொகையும் இருந்தன.

எல்லோருக்கும் காப்புறுதி வருகிறது என்று தொலைக்காட்சியில் ஒரு வருடம் கதைத்தார்கள். புரட்டாதியில் அரசியல்வாதிகள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். வேலை போனால் சம்பளம் போகட்டும். டொக்டர் ஏன் போகவேண்டும்? பக்கத்துக் கட்டிலில் இருந்த வெள்ளைக்காரியும் இதைத்தான் கேட்டாள். அவளும் என்னைப்போல, காசில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுப் பிந்தி வந்தவள்.

சிவகலா

பாசல்
11.12.94

மகளே,

போன ஞாயிறு இங்கே காப்புறுதிச் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடந்தது. நோய் வருத்தக்காரர் என்று இனி ஒருவரையும் சேர்க்காமல் விட முடியாதாம். மயிரிழையில் வென்றது. மாதப் பணம் கூடப்போகிறது என்று என்னோடு வேலை செய்யும் சுவிஸ்காரி திட்டினாள். வாக்கே இல்லாத நான் என் அரைகுறை டொச் பாஷையில் அவளோடு சண்டை பிடித்தேன். உன் கதையைச் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். பழி முழுவதையும் அமெரிக்காவின்மேல் போட்டேன், என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு அவள் முகத்தைப் பாராமல் துவாய்த் துண்டுகளை மடித்தேன்.

வெள்ளிக்கிழமை பூசை முடிய, இராஜசிங்கம் அண்ணை எல்லோருக்கும் முன்னால் கேட்டார்:

"அவ்வளவு பெரிய நாட்டிலை இப்பிடியோ?"

"ஓம் அண்ணை, அந்த நாடு கைவிட்டதுதான்," என்றேன். "ஆனா அதுக்கு முன்னமே மகள் என்னட்டை வரட்டோ எண்டு கேட்டவள். சனம் கதைக்கும் எண்டு நான்தான் வேண்டாம் எண்டனான்."

நான் பயந்த சனம், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனது.

எனக்கு வெட்கமாக இருக்கிறது மகளே. நீ வரச்சொன்னால் விசா எடுத்துக்கொண்டு வருகிறேன். வேண்டாம் என்று எழுதினாலும் அது எனக்குச் சரிதான்.

அம்மா