பெல்தோர்ப் பெயருக்கு வந்த சோதனை

ஹோம்விக், நார்ஃபோக்
12 மே 1958

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

இங்கு நலம். முட்டிவலிதான் என்னை விட்டபாடில்லை. சிங்கப்பூரில் நீ கப்பல் ஏறுமுன் கிடைக்கட்டும் என்று விமானத் தபாலில் போடுகிறேன்.

உன் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். லெனர்டைக் கட்டியதும் 'கீச்' என்ற அவர் குடும்பப் பெயருக்கு மாறிவிடுவாய் என்று எழுதினாயே, அன்றிலிருந்து மனிதர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பெல்தோர்ப்பு பேரு இவளோட முடியுது. அதுக்கு நானே கல்யாணத்தன்னிக்கு அவ கையப் புடிச்சுப் பலிபீடம் வரைக்கும் கூட்டிட்டுப் போகணுமா?" என்றார். உன் மனத்தை மாற்ற, அந்தப் பெயரில் வாழ்ந்த பெரிய மனிதர்களைப் பட்டியல் போட்டார். ஒரு பிஷப், ஒரு கிரிக்கெட்காரர், போர்னியோவில் புதுச் செடி கண்டுபிடித்த ஒருவர். பிஷப் நமக்கு என்ன உறவு என்று பார்த்துவர என்னை நாரிச் ஆவணக் காப்பகத்துக்கு விரட்டினார். எனக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது.

அங்கே கிடைத்ததைக் கேள். 1791இல் ஜான் டப் என்பவர், பிஷப்பின் தம்பி மகள் ஆன் பெல்தோர்ப்பைக் கட்டியிருக்கிறார். தன் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டால்தான் நிலம் என்று ஆண்வாரிசு இல்லாத மாமனார் சொல்ல, ஜான் டப், ஜான் பெல்தோர்ப் ஆகிவிட்டார். உன் அப்பாவும் நீயும் அவர்கள் வம்சம்.

அப்பாவிடம் சொன்னேன். "பொண்டாட்டி பேர வெச்சுக்கிட்டானா? வெக்கமா இல்ல அவனுக்கு?" என்றார். "பதினெட்டு ஏக்கர் வந்துச்சுல்ல, வெக்கம் அது பாட்டுக்குப் போயிருக்கும்" என்றேன். சிரிக்கவில்லை. இருட்டும்வரை வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கினார்.

நேற்று தேவாலயத்தில் உங்கள் திருமண அறிவிப்பை மூன்றாம் முறையாக வாசித்தார்கள். தடை சொல்வார் உண்டா என்று போதகர் கேட்டதும் உன் அப்பா எழுந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. "நான் பொண்ணோட அப்பா. எனக்கு ஒரு தடையும் இல்ல. நாந்தான் அவளக் கூட்டிட்டு வருவேன்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆகவே நிம்மதியாக வா. திருமணப் பதிவேட்டில் உன் பழைய பெயரில்தான் கையெழுத்துக் கேட்பார்கள். நிதானமாகப் போடு, கண்ணே. நான் என் பிறந்த வீட்டுப் பெயரை அவசரத்தில் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. விக்கம். நீயாவது நினைவில் வைத்துக்கொள். கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் அம்மா,
எட்னா