பின்னட்டையில் ஒரு கடற்கரை வீடு

உன் கல்வெட்டின் பின்னட்டையில் வீடு விற்கிறார்கள். லண்டன் குட்மேய்ஸ் மண்டபத்தில், உன் முப்பத்தோராம் நாளுக்கு வந்த எல்லோருக்கும் அந்த நினைவுப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். மை வாசம்கூடப் போகவில்லை. முன்னட்டையில் நீ சிரிக்கிறாய். திருப்பினால் நீலக் கடல், வெள்ளை மாடிக் கட்டடம், ஜமைக்காவில் முதலீடு செய்யச் சொல்லி ஒரு வரி. அதன் கீழே, ‘அமரர் நேரில் பார்வையிட்ட இடம்’.

நீ பார்வையிட்டபோது நானும் கூடத்தானே நின்றேன். அங்கே வீடு கட்டி விற்கும் உன் மைத்துனன் கூப்பிட்டான் என்று, கட்டடப் பொறியியலாளர்களான நாம் இருவரும் லண்டனில் இருந்து போனோம். முதல் நாள் போர்ட் ரோயலுக்குக் கூட்டிப்போனாய். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நிலம் நடுங்கியபோது, மணல் தண்ணீராய் இளகி, ஊரின் பெரும்பகுதி கடலுக்குள் போன இடம். பிந்திய நடுக்கம் ஒன்றில் சரிந்த ஆயுதக் கிடங்கு இன்னும் சரிந்தபடியே நிற்கிறது. உள்ளே நேராக நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

மறுநாள் மைத்துனனின் கட்டடத்தில் நீ சிரிக்கவில்லை. கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள், மேலே மாடிக்கு மேல் மாடி, அடியில் கடலை நிரப்பிய மணல்.

“ஆடினா முழங்கால் மடிஞ்சமாதிரி அப்பிடியே குந்தும் மச்சான். இதில ஆக்களைக் குடிவைக்க ஏலாது.”

என்னிடம் சொன்ன அதையே அவனுக்கும் முகத்துக்கு நேரே சொன்னாய்.

மண்டபத்தில் அவனைப் பிடித்துக் கேட்டேன். வடையை மென்றபடி, “அத்தான் வந்து பாத்தவர்தானே அண்ணை? நான் பொய் எழுதேல்லையே” என்றான். என்ன பிறவியோ! செத்த மனிதனின் பெயரையும் விட்டுவைக்கவில்லை.

நினைவுரைக்கு என்னை அழைத்தார்கள். உன் புகழ் பாட எழுதி வைத்திருந்ததை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, நீ சொன்னதை மட்டும் ஒலிவாங்கியில் சொன்னேன். உன் மனைவி மட்டும் தலையாட்டினார்.

சாப்பாட்டு வரிசையில் ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார். அந்தக் கட்டடத்தில் ஏற்கெனவே ஒரு வீடு வாங்கி, வாடகைக்கு விட்டிருக்கிறாராம். ஒருவருக்காவது உறைத்ததே என்று நினைத்தேன். அவர் காதுக்குள் கேட்டார்:

“அண்ணை, இந்தக் கதை பரவ முதல் வித்துப்போடலாமோ?”

“இப்ப அதில எத்தினை பேர் இருக்கினம்?”

“தெரியாது அண்ணை. ஒரு குடும்பம். வாடகை ஒழுங்கா வருது.”

உன் கோபத்தைப் பற்றிக் கல்வெட்டில் ஒரு வரியும் இல்லை. அது முழுசாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு நானே எழுதவென்று, வீட்டின் விலாசத்தைச் சொல்லும்வரை அவர் கையை நான் விடவில்லை.